மைக்ரானின் சுண்டுவிரல்

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், உலக நாடுகள் தங்களுக்குள் ஒத்துப்போகாமல் விட்டுவைத்திருக்கும் பெரும் சிக்கல்களில் ஒன்றான மோதிர அளவு விவகாரம், ஒரு சனிக்கிழமை காலையில், ஓர் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில், காபிக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, முறைப்படி விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் மைக்ரான். முன்னிலை மைக்ரான். வரவேற்புரையும் நன்றியுரையும் அவரே. வேறு யாரும் வரவில்லை.

மைக்ரான் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. தண்ணீர்க் குழாய்களுக்கான வால்வு செய்யும் ஆலையில் அவர் அளவுச் சோதனைப் பிரிவின் தலைவர். தலைமுடியை நீளவாக்கில் பிளந்து அதில் ஒரு கீற்று கூடியிருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பேர்; கடைசல் பிரிவில் முதுகுக்குப் பின்னால் வைத்த அந்தப் பெயர், போகப் போக முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது. அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். வீட்டிலும் மயிரிழை தடிமனை அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்று வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவாரே தவிர, காலிப்பரை ஒருநாளும் தேடியதில்லை.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் போன வாரம் போனில் சொன்ன விஷயம் எளிமையானதுதான்.

"அப்பா, உங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு வரும்போது அம்மாவுக்கு ஒரு மோதிரம் வாங்கிட்டு வரேன். சைஸ் மட்டும் பார்த்துச் சொல்லுங்க. அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

"எந்த நாட்டு அளவுல வேணும்?"

"என்னப்பா?"

"ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு அளவுமுறை இருக்கும்மா. நீ பாட்டுக்கு சைஸ்னா எந்த சைஸைச் சொல்றது?"

"ஏதோ ஒரு நம்பர் சொல்லுங்கப்பா. கடைக்காரன் பார்த்துக்குவான். ஆனா பேர் பொறிச்சுட்டா மாத்தித் தர மாட்டானாம், அதனால கரெக்டா மட்டும் இருக்கட்டும்."

'ஏதோ ஒரு நம்பர்' என்பதில் மைக்ரானுக்கு நெஞ்சு வலித்தது. 'கரெக்டா மட்டும் இருக்கட்டும்' என்பதில் சரியாகிவிட்டது.

இதில் அவருக்கு ஒரு பழைய கணக்கும் இருந்தது. கல்யாணத்தின்போது அவர் வாங்கிப் போட்ட மோதிரம் கண்மதிப்பில் வாங்கியது. அளவு எடுக்கவில்லை. விரலில் போட்ட அன்றே அது தொளதொளவென்று சுற்றியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அடிப்பக்கம் நூலைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். மகள் பிறந்து, உடம்பு சற்றுப் பூசி, விரல் மோதிரத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் நூல் போயிற்று. உலகத்திலிருக்கும் வால்வையெல்லாம் திருப்பி அனுப்பும் மனிதர் வீட்டுக்குள் அனுப்பிய முதல் பொருளே அளவு தப்பியது என்பது ஆலையில் யாருக்கும் தெரியாது. மனைவியும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நூல் மோதிரத்தின் மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம்.

முதல் முயற்சி நூலில் தொடங்கியது. அவள் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது மைக்ரான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஒரு நூல் துண்டு. மெல்ல அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் டிவியிலிருந்து பார்வையை எடுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மறுகையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே. என்ன பண்ணுது உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணல. சும்மாதான்."

"சும்மாவா?" அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காலையில மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

நர்ஸைக் கட்டிக்கொண்டவனுக்குப் பாசம் காட்டக்கூட வழியில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை வார்டுக்கு அவள்தான் தலைமை நர்ஸ். அங்கே எல்லோருக்கும் பெரிய சிஸ்டர். அவளிடம் ரத்த ஓட்டம் பார்க்கிறேன் என்றெல்லாம் கதைவிட முடியாது. மேலும் நூல் இழுபடும், அளவு பொய் சொல்லும், காகிதக் கீற்றுதான் நல்லது என்று ஓரிடத்தில் படித்தார். காலையில் விரல் ஒடுங்கியிருக்கும், மாலையில் தடித்திருக்கும், கணுவைத் தாண்டுகிற அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இன்னோரிடத்தில் படித்தார். படிக்கப் படிக்க, இத்தனை காலமும் மனிதர்கள் எந்தத் தைரியத்தில் மோதிரம் போட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்று ஆச்சரியமாயிருந்தது.

நல்லவேளையாக ஒரு வழி தானாகவே திறந்தது. வார்டுக்குள் நகை கூடாது என்பதால், வேலைக்குப் போகும்போது அவள் மோதிரத்தைக் கழற்றிச் சமையலறை ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் கை கழுவி, முதல் வேலையாக எடுத்துப் போட்டுக்கொள்வாள். சனிக்கிழமை அவளுக்கு வேலை, இவருக்கு விடுமுறை. விரல் கிடைக்காவிட்டால் என்ன, மோதிரம் கிடைக்கிறதே. உள்விட்டம் பார்த்தால் முடிந்தது.

முடியவில்லை. காலிப்பரின் முனைகளை உள்ளே விட்டு ஒரு பக்கம் அளந்தால் பதினாறு புள்ளி நான்கு மில்லிமீட்டர். கால்வட்டம் திருப்பி அளந்தால் பதினாறு புள்ளி ஆறு. இத்தனை வருடம் பாத்திரம் தேய்த்த கையில் மோதிரம் மட்டும் வட்டமாகவே இருக்குமா? சராசரி பதினாறரை என்று எழுதிக்கொண்டு அட்டவணைகளைத் திறந்தார்.

அங்கேதான் வேடிக்கை. ஐரோப்பாவில் பல இடங்களில் உள்சுற்றளவையே மில்லிமீட்டரில் சொல்கிறார்கள்: ஐம்பத்திரண்டு. நேர்மையான மனிதர்கள். இத்தாலியில் அதிலிருந்து நாற்பதைக் கழித்துவிட்டுப் பன்னிரண்டு என்கிறார்கள். அந்த நாற்பதை என்ன செய்தார்கள் என்று யாரும் விளக்கவில்லை. அமெரிக்காவில் இதே விரல் ஆறு. பிரிட்டனில் எண்ணே கிடையாது, எழுத்து. அதிலும் முழு எழுத்து வரவில்லை, எல் அரை வந்தது. ஓர் எழுத்தில் பாதி என்றால் மேல் பாதியா, கீழ்ப் பாதியா என்று மைக்ரான் சிறிது நேரம் யோசித்தார். ஜப்பானில் பதினொன்று என்றது ஓர் அட்டவணை, பன்னிரண்டு என்றது மற்றொன்று. உலகம் ஏன் அடித்துக்கொள்கிறது என்பது அவருக்கு அன்று காலை ஓரளவு விளங்கியது.

ஆனால் அவரை உறுத்தியது நாடுகளல்ல, அந்தப் புள்ளி இரண்டு. அமெரிக்கக் கணக்கில் அது கால் சைஸ். ஒருமுறை கண்மதிப்பில் விட்டது போதும், இரண்டாம் முறை சராசரியில் விடுவதா?

அப்போதுதான் அவர் பார்வை தன் சுண்டுவிரலில் விழுந்தது.

ஆலையில் துளைகளைச் சோதிக்க ஓர் உருளை உண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போகும் போகாது கேஜ் என்பார்கள். வட்டம் கொஞ்சம் நெளிந்த மோதிரத்துக்கு, சதையுள்ள விரலைவிடச் சிறந்த கேஜ் உண்டா? தன் சுண்டுவிரலில் போட்டு, அது எங்கே நிற்கிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, காகிதக் கீற்றால் விரலைச் சாவகாசமாக அளக்கலாம். முப்பது வருட அனுபவம் சொன்ன வழி இது.

மோதிரம் முதல் கணுவைத் தாண்டியது. இரண்டாம் கணுவில் சற்று யோசித்தது. பிறகு டக்கென்று இறங்கி, சொந்த இடம் போல உட்கார்ந்துகொண்டது. போகும். மைக்ரான் தலையசைத்து, கோடு போட்டு, கழற்றப் பார்த்தார்.

உருளைக்குக் கணு கிடையாது, ரத்தமும் ஓடாது. இந்தச் சிறு விவரம் இரண்டும் முப்பது வருட அனுபவத்தில் சேர்ந்திருக்கவில்லை.

சோப்பு போட்டார். எண்ணெய் போட்டார். சோப்பும் எண்ணெயும் சேர்த்துப் போட்டதில் மோதிரம் அருமையாகச் சுற்றியது, வெளியேதான் வரவில்லை. இழுக்க இழுக்க விரல் சிவந்தது, பிறகு ஊதா நிறத்துக்குப் போக யோசித்தது. கையை உயர்த்தி வைத்தால் வீக்கம் இறங்கும் என்று மனைவி யாரிடமோ போனில் சொன்னது நினைவுக்கு வந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடந்தார். மாலைக்குள் மோதிரம் கிண்ணத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மகளின் ரகசியம் போகும். அது போனாலும் பரவாயில்லை, வெட்ட வேண்டி வந்துவிட்டால் அந்த மோதிரமே போகும்.

மேல் வீட்டு ஸ்டோர் கீப்பர் அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார். அதே ஆலை, அதே வயது, மைக்ரான் திருப்பி அனுப்பும் பெட்டிகளையெல்லாம் அடுக்கி வைத்தே முதுகு வலி வந்தவர்.

"யோவ் மைக்ரான், ஏணி இருக்கா?" என்றவர், தூக்கிய கையைப் பார்த்து நின்றார். "என்னய்யா, வாத்தியார் கேட்டதுக்குப் பதில் தெரியுமா?"

மைக்ரான் கையை இறக்கிக் காட்டினார். ஸ்டோர் கீப்பர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில், பல வருடம் காத்திருந்தவனின் அமைதி வந்தது.

"டைட் ஃபிட்டு," என்றார்.

"விளையாடாதய்யா. வலிக்குது."

"ரிஜெக்ட் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிடுவோமா? எங்கிட்ட ரம்பம் இருக்கு. எடுத்துட்டு வரவா?"

"மோதிரத்துல கை வைக்கக் கூடாது. அது அவளோடது."

"அப்ப விரல் யாரோடது?"

"விரல் என்னோடது. அது எக்கேடு கெட்டாலும் பரவாயில்ல."

ஸ்டோர் கீப்பர் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. விரலின் நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. "சட்டையப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அவ இருக்குற ஆஸ்பத்திரி வேணாம்."

"அடுத்த ஆஸ்பத்திரி ஊரைத் தாண்டி இருக்கு. அதுவரைக்கும் இந்த விரல் தாங்குமா, நீயே அளந்து சொல்லு."

அவள் வார்டு மூன்றாம் மாடி, அவசரச் சிகிச்சை தரைத்தளம். இடையில் லிப்டும் படிக்கட்டும் நூறு நோயாளிகளும் இருக்கிறார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு மைக்ரான் ஸ்கூட்டரில் ஏறினார். பின்னால் உட்கார்ந்து ஒரு கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே போனதால் வழியில் இரண்டு பேர் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் டெட்டால் வாடை. பச்சைத் திரைகள். ஒரு ஸ்டூல். சின்ன வயது டாக்டர் ஒருவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். இடுக்கி மாதிரி, முனையில் ஒரு குட்டிச் சக்கரம், சக்கரத்தில் பல்.

"பயப்படாதீங்க சார். மோதிரத்தை மட்டும்தான் வெட்டும். விரலுக்கு ஒண்ணும் ஆகாது."

"டாக்டர், விரலுக்கு என்ன வேணாலும் ஆகட்டும். மோதிரத்துக்குத்தான் ஆகக் கூடாது."

டாக்டர் ஸ்டோர் கீப்பரைப் பார்த்தார். ஸ்டோர் கீப்பர், "அவர் அப்படித்தான். பல வருஷமா நாங்களும் பார்க்கறோம்," என்றார்.

"சார், தங்கத்தை ஒட்டிக்கலாம். விரலை ஒட்ட முடியாது."

"ஒட்டுனா அது வேற மோதிரம் டாக்டர்." மைக்ரான் மறுகையால் மோதிரத்தைப் பொத்திக்கொண்டார். "அதுல வேற எதுவும் சேரக் கூடாது. ஏற்கனவே அது ரொம்பப் பாடுபட்டிருக்கு."

டாக்டர் பெருமூச்சு விட்டுச் சக்கரத்தைக் கீழே வைத்தார். "சரி. வெட்டாம எடுக்கறதுக்கு இங்க ஒருத்தங்கதான் இருக்காங்க. நூல் சுத்தியே கழட்டிடுவாங்க. மேல சர்ஜிக்கல் வார்டு. பெரிய சிஸ்டர்." போனை எடுத்தார்.

மைக்ரான் ஸ்டூலிலிருந்து எழுந்தார். ஸ்டோர் கீப்பர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "எங்கய்யா போற? போகும், ஆனா வராதுன்னு இப்பதானே பாடம் படிச்ச."

திரை விலகியது. முகக்கவசம், கையுறை, கையில் ஒரு நூல்கண்டு. அவள் முதலில் பார்த்தது விரலைத்தான், அது தொழில் பழக்கம். பிறகு மோதிரத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகும் முகத்தை நிமிர்த்தவில்லை. எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மோதிரம் யாரோடது?"

"வீட்டம்மாவோடது," என்றார் மைக்ரான், கீழ்க்குரலில்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இப்பதான் தெரிய வருது."

டாக்டர் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஸ்டோர் கீப்பர் அவர் கையைப் பிடித்துத் திரைக்கு அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டு போனார். போகிற போக்கில், "வாங்க டாக்டர், இது குடும்ப கேஸ்," என்பது கேட்டது.

அவள் நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் விட்டு உள்ளங்கைப் பக்கம் இழுத்துவைத்தாள். மீதி நூலை மோதிரத்தை ஒட்டிய இடத்திலிருந்து கணுவைத் தாண்டும்வரை சுற்று மேல் சுற்றாக, இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றினாள். வீங்கிய சதை நூலுக்குள் ஒடுங்கியது. மைக்ரானுக்கு வலியில் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனாலும் அந்தச் சுற்றுகள் எவ்வளவு சீராக விழுகின்றன என்று கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

"எதுக்குப் போட்டீங்க?"

மகளின் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. "சின்னதாயிடுச்சோன்னு பார்த்தேன்."

"எனக்குச் சின்னதாச்சான்னு உங்க விரல்ல பார்த்தீங்களா?"

"ஆமா."

"அளவெடுக்க இப்பதான் தோணுச்சா? வாங்கும்போது தோணியிருக்கலாம்."

இத்தனை வருடத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன விதத்தில் கோபம் இல்லை. கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அடிமுனை நூலைப் பிடித்து அவள் விரல் நுனிப் பக்கமாகச் சுற்றிப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுற்று அவிழும்போதும் மோதிரம் ஒரு நூலளவு முன்னே வந்தது. கணுவில் வந்து நின்றது. மைக்ரான் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு விடுங்க. நீங்க மூச்சை நிறுத்தினா மோதிரம் பெரிசாகாது."

விட்டார். மோதிரம் கணுவைத் தாண்டி, வழுக்கி, அவள் உள்ளங்கையில் விழுந்தது. கீறல் இல்லை, வெட்டு இல்லை, கூடுதலாக ஒரு நெளிவுகூட இல்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரத்தம் திரும்பிவந்த விரல் சுருசுருவென்று இழுத்தது. உலகத்தில் அத்தனை சுகமான வலியை மைக்ரான் அனுபவித்ததே இல்லை. தோள், கழுத்து, இடுப்பு என்று எங்கெங்கோ முறுக்கியிருந்ததெல்லாம் ஒன்றாகத் தளர்ந்ததில், ஸ்டூலிலேயே ஒரு சுற்றுக் குறைந்துவிட்டார்.

"வெட்டிருவாங்கன்னு பயந்துட்டேன்," என்றார்.

"ஒட்டுனா அது வேற மோதிரம்னு ஒருத்தர் அடம்பிடிக்கறார்னு டாக்டர் போன்லயே சொன்னார்." மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "வீட்டுக்குப் போய் ஐஸ் வைங்க. காலிப்பரைத் தொடாதீங்க."

காலிப்பரைத் தொடவில்லை. ஆனால் மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, நல்ல கையால், மகளுக்கு விவரமாக எழுதினார். உள்விட்டம் இரண்டு திசையிலும், சராசரி, சுற்றளவு, ஐரோப்பிய அளவு, இத்தாலிய அளவு, அமெரிக்க அளவு கால் சைஸ் முன்பின்னாக, பிரிட்டன் எழுத்தும் அதன் பாதியும், ஜப்பானைப் பற்றிய தன் ஆட்சேபம், புதிய மோதிரம் அகலமாக இருந்தால் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டியது, காலை மாலை விரல் வேறுபாடு. ஸ்டோர் கீப்பர் எட்டிப் பார்த்து, "இதைப் படிச்சுட்டு அந்தப் பொண்ணு மோதிரம் செய்யற தொழிலுக்கே போயிடும்," என்றார். மகளிடமிருந்து, "சரிப்பா, பார்த்துக்கறேன்," என்று வந்தது. சுருக்கமாக இருந்தாலும் ஆழமாகப் படித்திருக்கிறாள் என்று மைக்ரான் திருப்திப்பட்டார்.

கல்யாண நாளன்று மகள் வந்திறங்கினாள். ஸ்டோர் கீப்பரும் கேக் சாப்பிடும் உரிமையோடு இறங்கி வந்திருந்தார். மோதிரப் பெட்டி திறந்தது. சன்னமான மோதிரம், இலை மாதிரி ஒரு வேலைப்பாடு. மனைவி பழைய மோதிரத்தைக் கழற்றாமல், மறுகை விரலில் புதியதைப் போட்டாள். மைக்ரான் நாற்காலியின் நுனிக்கு வந்தார். மோதிரம் கணுவைத் தாண்டியது, இறங்கியது, உட்கார்ந்தது. சுற்றவில்லை. இறுக்கவும் இல்லை.

"எவ்வளவு கச்சிதமா இருக்கு பாருங்க," என்றாள் மனைவி. "எப்படிடி இவ்வளவு சரியா வாங்கின?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். "அப்பாதான். அவர் அனுப்பினதைப் படிச்சதும் எதை வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

ஸ்டோர் கீப்பர்கூட கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். இருபத்தைந்து வருடத்து நூல் ஒன்று தன்மேலிருந்து அவிழ்வது போல இருந்தது மைக்ரானுக்கு. எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அளவு என்பது வெறும் எண்ணல்ல, அது ஒரு பொறுப்பு என்று தொடங்கி, ஆலையையும் ஐரோப்பாவையும் தொட்டுக்கொண்டு, சுண்டுவிரலை மட்டும் விட்டுவிட்டுச் சிற்றுரை ஒன்று ஆற்றினார். மனைவி கன்னத்தில் கையூன்றி முழுவதையும் கேட்டாள். கைதட்டலும் கிடைத்தது.

கேக் தட்டுகளை அவள் கழுவப் போனபோது புது மோதிரம் கண்ணாடிக் கிண்ணத்தில் கிடந்தது. மைக்ரான் ஆவணத்துக்காக ஒரு தடவை அளந்துவிடலாம் என்று காலிப்பரோடு போய் அதை எடுத்தார்.

மோதிரத்தின் அடிப்பக்கம் மூடியிருக்கவில்லை. இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டியின் பின்பக்கத்தில் 'ஃப்ரீ சைஸ்' என்று அச்சடித்திருந்தது.